வேனின் முகத்தில் கட்டிய பட்டு

சண்டை முடிந்த அடுத்த வருசம், எங்கள் ஊர்க் கண்ணகை அம்மன் கோயிலில் வைகாசிச் சடங்கு நடந்துகொண்டிருந்த நாட்கள். மட்டக்களப்பிலிருந்து பொலநறுவைக்குப் போகிற வீதியில், ஓட்டமாவடிப் பாலம் தாண்டிய இடத்தில்தான் இது நடந்தது.

முதலில் வேனைப் பற்றிச் சொல்லவேண்டும். ஸ்ரீ நம்பர் போட்ட பழைய காலத்து வேன் அது. உருண்டை முகம், இரண்டு வட்ட லைட். கடற்கரைப் பக்கம் நாங்கள் குடியிருந்த காலத்தில் அதில்தான் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் ஏற்றினேன். மண்டூர்த் திருவிழாவுக்குச் சனம் ஏற்றினேன். சுனாமி வந்த அன்று நாங்கள் பக்கத்து மாடி வீட்டில் ஏறித் தப்பினோம். வேனைக் கடல் கொண்டு போய்விட்டது. தண்ணீர் வடிந்த பிறகு தேடிப் போனால், தென்னந்தோட்டம் ஒன்றுக்குள் மூக்குக் குத்தி நிற்கிறது. இஞ்சின் நிறைய உப்பும் மணலும். பழைய இரும்புக்குப் போடச் சொன்னார்கள் எல்லாரும். மூத்த மகன்தான் விடவில்லை.

"கூடு நல்லாத்தான் இருக்கப்பா. வேற இஞ்சின் ஒண்டு போட்டா பறக்கும்" என்றான். அப்போது அவனுக்கு மீசை அரும்புகிற வயது.

உழவு மெசினில் கட்டி இழுத்து வந்து, வாவிக்கரையில் எங்களுக்குக் கிடைத்த புது வளவில் நிறுத்தினோம். இஞ்சின் போடுகிற காலம் வரவில்லை. வீட்டுக்கு ஒரு ஆள் என்று இயக்கம் கேட்ட காலம்தான் வந்தது. அவனைக் கொண்டு போனார்கள். வேனுக்குள் கோழி அடை கிடந்தது.

சண்டை முடிந்து கனநாள் அவன் உயிரோடு இருக்கிறானா என்றே தெரியவில்லை. என் மனுசி சோற்றைப் பிசைந்தபடியே இருப்பாள், வாய்க்குள் போகாது. பிறகு ஒருநாள், இயக்கத்தில் இருந்தவர்களை ஆமி வைத்திருந்த புனர்வாழ்வு முகாம் ஒன்றில், பொலநறுவைப் பக்கம் இருக்கிறான் என்று செய்தி கிடைத்தது. அன்று அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வந்து அவள் சொன்ன முதல் வார்த்தை, "வேனைச் செய்யுங்க. அவன் வரேக்க அது ஓடோணும்" என்பதுதான்.

அவளுடைய தம்பி, என் மச்சான், டவுனில் கராஜ் வைத்திருக்கிறான். வேகப் பைத்தியம். ஜப்பானில் பாதியாக வெட்டிக் கப்பலில் அனுப்புகிற வாகனத்தை 'ஹாஃப் கட்' என்பார்கள். அப்படி வந்த ஒன்றிலிருந்து டேர்போ இஞ்சின் ஒன்றைக் கழற்றிக்கொண்டு வந்தான். எங்கள் வேனில் இஞ்சின் இருப்பது முன் சீற்றுக்கு அடியில். புதியது அதற்குள் அடங்கவில்லை. தளத்தை வெட்டி, அகலமாக்கி, வெல்டிங் பிடித்தான். டிஸ்க் பிரேக், பவர் ஸ்டீயரிங், ஏசி எல்லாம் ஏறியது. பழைய விசிறியைத் தூக்கி எறிந்துவிட்டு, றேடியேற்றருக்குக் கரண்டில் சுற்றுகிற இரண்டு விசிறி பூட்டினான். சாவியைத் திருப்பினால் போதும், முன்னாலிருந்து உஸ்ஸென்று காற்றை இழுக்கும்.

"மச்சான், கிழவன்ட உடம்பில இளந்தாரிர நெஞ்சு வச்சிருக்கன். பார்த்து மிதியுங்க, பொலநறுவைக்கு எண்டு போய் கொழும்பில நிப்பீங்க" என்று சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உப்புத் தின்ற கூடு இந்த இழுவையைத் தாங்குமா என்ற பயம். முதல் நாள் ஓட்டியபோது மிதியை அழுத்தவே இல்லை.

அப்படி இருக்கும்போதுதான் முகாமில் இருந்து அழைப்பு வந்தது. நாளைக்கு மத்தியானத்துக்கு முன்னம் தாய் தகப்பன் வந்தால் பிள்ளையைக் கையில் தருவோம், வராவிட்டால் அடுத்த தொகுதியோடுதான் என்றார்கள். அடுத்த தொகுதி எப்போது என்று கேட்டேன். தெரியாது என்றார்கள். பஸ்சில் போவோம் என்றேன் நான். மனுசி கேட்கவில்லை. அவனுடைய வேனில்தான் அவன் வரவேண்டும் என்று ஒரே பிடி.

விடியற்காலை வேனைக் கோயிலடிக்குக் கொண்டு போனோம். எங்கள் அம்மாளுக்கு வருசத்துக்கு ஒருமுறை, சடங்குக்குத்தான் கதவு திறப்பது. அந்த நேரம் பார்த்து அழைப்பு வந்தது சும்மா இல்லை என்று மனுசி சொன்னாள். பூசை செய்கிற கட்டாடியார் மஞ்சள் பட்டு ஒன்றை அம்மாளின் காலடியில் வைத்து எடுத்து, வேனின் முகத்தில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு இழுத்துக் கட்டினார். பிள்ளை வந்து தன் கையால் அவிழ்க்கவேண்டும், அதுவரை யாரும் அவிழ்க்கக் கூடாது. அதுதான் நேர்த்திக்கடன்.

நான் ஏறிச் சாவியைத் திருப்பினேன். அந்த நேரம் இலை அசையவில்லை. ஆனால் பட்டு மட்டும் உள்ளுக்கு இழுபட்டு, மூச்சு வாங்குவது போல நடுங்கத் தொடங்கியது. கட்டாடியார் கை கூப்பிவிட்டார். பெண்டுகள் குரவை போட்டார்கள். "அம்மாள் ஏறிட்டா" என்று மனுசி நிலத்தில் விழுந்து கும்பிட்டாள். எனக்கும் உடம்பு சிலிர்த்தது. என் பயமெல்லாம் போய்விட்டது போல இருந்தது.

ஏறாவூர் தாண்டும்வரை நன்றாகத்தான் ஓடியது. பிறகு இஞ்சின் சூட்டைக் காட்டுகிற முள் கொஞ்சம் கொஞ்சமாக எழும்பத் தொடங்கியது. பார்க்காமல் இருக்கப் பார்த்தேன். கண் அதிலேயே போய் நின்றது. கிரானில் நிறுத்தி ஆறவிட்டேன். திரும்பவும் எழும்பியது. வாழைச்சேனையில் நிறுத்தினேன். மச்சானுக்குப் போன் எடுத்தால், "தண்ணி இருக்கா? விசிறி சுத்துதா? அப்ப பயப்பிடாதீங்க, புது இஞ்சின் கொஞ்சம் இறுக்கமாத்தான் இருக்கும்" என்கிறான். பட்டைப் பற்றி நான் சொல்லவில்லை. அம்மாளின் பட்டை வேனின் சாமானாக யார் நினைப்பார்கள்?

ஓட்டமாவடிப் பாலத்தைத் தாண்டியதும் முள் சிவப்பைத் தொட்டது. சீற்றுக்கு அடியிலிருந்து புகை. அதற்கு அங்கால் போனால் புணானைக் காடு, யானை நிற்கிற இடம். வீதியோரம் ஒரு தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் வேனை ஒதுக்கினேன். இஞ்சினை நிற்பாட்டிவிட்டு, விசிறி சுற்றட்டும் என்று சாவியைப் பாதித் திருப்பில் விட்டேன். மனுசி வானத்தைப் பார்த்துப் பார்த்து முணுமுணுத்தாள். வெயில் ஏறிக்கொண்டே போனது.

நான் றேடியேற்றர் மூடியில் துணியைப் போட்டுத் திருகப் போனேன்.

"ஐயா, ஐயா! அதத் தொட்டிராதீங்க, முகம் அவிஞ்சு போயிரும்!" என்று கத்திக்கொண்டு கடைக்காரர் ஓடி வந்தார். சாரம் உடுத்தி, தோளில் துவாய் போட்ட முஸ்லிம் ஆள். என்னைவிட வயதில் இளையவர். கொஞ்ச நேரம் வேனைச் சுற்றி வந்தார். பிறகு முன்னால் நின்றுவிட்டார்.

"காத்து ஒரு துளி இல்ல. இந்தப் பட்டு மட்டும் ஏன் உள்ளுக்கு இழுபடுது?"

"அது அம்மாள், தம்பி" என்றாள் மனுசி. "கட்டின நேரத்தில இருந்து இப்படித்தான். அவதான் எங்களக் கூட்டிப் போறா."

அவர் சிரிக்கவில்லை. என்னைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப்போய், குரலைத் தாழ்த்தினார்.

"ஐயா, நான் சொன்னா பிழையாகிப் போகும். நீங்களே சாவிய ஒருக்கா நிப்பாட்டிப் பாருங்க."

நிற்பாட்டினேன். விசிறி நின்றது. பட்டு தளர்ந்து தொங்கியது. திருப்பினேன். இழுத்து ஒட்டிக்கொண்டது. விடியலிலிருந்து காற்றுப் போகிற வாயைப் பட்டால் அடைத்துக்கொண்டு வந்திருக்கிறோம்.

"நானே கழட்டித் தந்திருவன்" என்றார் அவர். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார். "ஆனா அது உங்கட சாமிர உடுப்பு. என்ட கை படுறது சரியில்ல."

மனுசியிடம் எப்படிச் சொல்வது என்று நான் நின்றேன். சொல்லத் தேவை இருக்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வீதியோரத்தில் அப்படியே குந்திவிட்டாள்.

"அப்ப அம்மாள் ஏறல்லயா?" என்று கேட்டாள்.

அவிழ்த்தால் நேர்த்தி முறியும், பிள்ளைக்கு ஏதும் ஆகிவிடும் என்று அவளுக்குப் பயம். அவிழ்க்காவிட்டால் பிள்ளையிடம் போய்ச் சேர முடியாது. எனக்கும் அதே பயம்தான், நான் ஆம்பிளை என்பதால் காட்டவில்லை.

"இவ்வளவு அவசரமா எங்க போறீங்க?" என்று கேட்டார் கடைக்காரர்.

ஊரும் ஆளும் தெரியாத இடம். சண்டைக் காலத்தில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையில் நடந்ததெல்லாம் எல்லாருக்கும் தெரியும். "பொலநறுவைல ஒரு கோயில் காரியம், காக்கா" என்றேன், முஸ்லிம் ஆட்களை நாங்கள் அண்ணன் முறை வைத்துக் கூப்பிடுகிற மாதிரி.

"புள்ளைய எடுக்கப் போறம், தம்பி" என்றாள் மனுசி அழுதபடி. "முகாமில இருக்கான். மத்தியானத்துக்கு முன்னம் போகாட்டி தரமாட்டாங்க."

அவர் முகம் மாறியது. திரும்பிக் கடைக்குள் போய்விட்டார். முடிந்தது என்று நினைத்தேன். வேனைத் தள்ளிக்கொண்டாவது அங்கிருந்து போய்விடவேண்டும் போல இருந்தது.

கொஞ்ச நேரத்தில் ஒரு கேன் தண்ணீரோடு திரும்பி வந்தார்.

"என்ட தம்பியும் ஒருநாள் காட்டுக்கு விறகுக்குப் போனவன். வரல்ல. உம்மா இண்டைக்கும் அவனுக்கு ஒரு பீங்கான் சோறு எடுத்து வெக்கிறா" என்றார். கேனை நிலத்தில் வைத்தார். "சுணங்காம போங்க அக்கா. புள்ள வாசலப் பார்த்திட்டு நிக்கும்."

மனுசி எழும்பினாள். வேனுக்கு முன்னால் போய் நின்று, "தாயே, உள்ளுக்கு வா" என்று சொல்லி, தன் கையால் முடிச்சை அவிழ்த்தாள். பட்டை மடித்து, மகன் இருக்கவேண்டிய சீற்றில் வைத்தாள்.

"உள்ளுக்கு இருந்தா அவவுக்கு வெயிலும் படாது" என்றார் அவர்.

சூடு ஆறிய பிறகு அவரே துவாயைப் போட்டு மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றினார். வேன் கிளம்பியது. முள் நடுவில் வந்து நின்றது, அசையவில்லை. மனுசி கண்ணாடியில் பின்னுக்கே பார்த்துக்கொண்டு வந்தாள். கடை மறைந்த பிறகு, "அம்மாள் ஏறித்தான் இருக்கா" என்றாள்.

அதன் பிறகுதான் அந்த இஞ்சின் எதற்கென்று எனக்குத் தெரிந்தது. நான் மிதித்த மிதிக்கு வேன் பறந்தது. ஆனாலும் புணானைச் சோதனைச் சாவடியில் இறக்கி ஏற்றினார்கள். முகாமுக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில் சாய்ந்துவிட்டது. வாசலில் சனம் இல்லை. எல்லாரும் தங்கள் பிள்ளைகளோடு போய்விட்டார்கள். நேரம் தவறிவிட்டதென்றே நினைத்தேன்.

மதிலோரம் ஒரு மரநிழலில் அவன் மட்டும் பையை மடியில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தான். உள்ளுக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டும் அவன் அசையாமல் இருந்ததாகக் காவலில் நின்ற ஆள் அரைகுறைத் தமிழில் சொன்னார். நேரம் தாண்டியதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், ஒப்பம் வாங்கிக்கொண்டு விட்டார்கள். தாயும் மகனும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றதை எழுத எனக்குத் தெரியாது. மெலிந்து, கறுத்து, என் உயரத்துக்கு வளர்ந்திருந்தான். வேனை நான் உறுமவிட்டபோது தாயின் தோளிலிருந்து தலையைத் தூக்கி, "அப்பா, டேர்போவா?" என்றான். அத்தனை வருசத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை. நான் சிரித்தேனா அழுதேனா தெரியாது.

திரும்பி வரும்போது ஓட்டமாவடி நெருங்க நெருங்க எனக்கு வேறொரு பயம் பிடித்தது. அந்த மனிதருக்கு முன்னால் என் பிள்ளையை எப்படிக் கொண்டு போய் நிறுத்துவது? அவருடைய தம்பி வரவில்லை, என் மகன் வந்துவிட்டான். அதோடு, அந்தத் தம்பி யாரால் வராமல் போனான், என் மகனைக் கொண்டு போன இயக்கத்தாலா? அப்படியே ஓட்டிக்கொண்டு போய்விடலாமா என்றும் நினைத்தேன்.

"நிப்பாட்டுங்க" என்றாள் மனுசி.

அவர் வெளியே வந்தார். மகன் இறங்கித் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவன் முகத்தையே அவர் கனநேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய், தன் கையாலேயே தேத்தண்ணி ஆற்றிக்கொண்டு வந்து நீட்டினார்.

"குடிங்க தம்பி. சூடு, ஆறுதலாக் குடிங்க."

மகன் குடித்து முடிக்கும்வரை அவர் பக்கத்திலேயே நின்றார். ஒரு கேள்வி கேட்கவில்லை.

அவருடைய தம்பியை யார் என்ன செய்தார்கள் என்று நானும் அன்று கேட்கவில்லை. இன்றுவரை அந்தத் தைரியம் எனக்கு வரவில்லை, ஆனால் என் பிள்ளைக்காகக் கை கூப்புகிற ஒவ்வொரு நாளும், பெயர் தெரியாத அந்தப் பிள்ளையையும் சொல்லிக் கும்பிடாமல் என் கை பிரிவதில்லை.