பம்பாயில நான் கட்டின மறைப்பு

...அந்த எதுத்த வீட்டுக்காரி கெடக்கா, அவளுக்கு எந்த நாளும் மருமக மேலதான் குத்தம். நீ உக்காரு மைனி. எதுக்கு வந்திருக்கேன்னு எனக்குத் தெரியும். உம் மக பொன்னுத்தாயை எஞ் சின்னவன் முருகையாவுக்குக் கேட்டு வச்சிருக்கோம். தை மாசம் அவ போய்ப் பிழைக்கப் போற பம்பாய் வீடு எப்படி இருக்குன்னு உனக்குத் தெரியணும். மாடி வீடுன்னு ஊரெல்லாம் பேச்சாச்சு. சொல்லுதேன். ஆனா நான் அங்க போக ரயிலேறுனதுல இருந்து சொன்னாத்தான் எனக்கு வரும். நடுவுல கேக்காத.

மெட்ராஸ் வரைக்கும் ஒரு ரயிலு, அங்க இருந்து பம்பாய்க்கு இன்னொரு ரயிலு. உலகச் சண்டை முடிஞ்சும் கூட்டம் குறையல, பட்டாளத்துக்காரனுக பெட்டிமேல பெட்டியா ஏறுதானுக. எனக்குப் போர்டு படிக்கத் தெரியாதுல்லா, மூக்கை வச்சே ஊரைக் கண்டுபிடிச்சேன். நல்லெண்ணெய் வாசம் போச்சுது, கடலை எண்ணெய் வாசம் வந்துச்சு. காப்பி போச்சு, டீ வந்துச்சு. பூனா தாண்டினா மலையைக் குடைஞ்சு உள்ள போவுது மைனி. இருட்டு, வெளிச்சம், மறுபடி இருட்டு. ஒவ்வொரு இருட்டுக்கும் பிள்ளைக ஓன்னு கத்துது. நானும் கத்தினேன். இருட்டுல யாருக்குத் தெரியப் போவுது?

எதிர்ப் பலகையில ஒரு பாலக்காட்டு மாமி. மாதுங்காவுல இருக்காளாம், புருஷனுக்கு ஆபீஸ் உத்தியோகம். "நீங்க எங்கே எறங்கறேள்?"னு கேட்டா. "தாதர்ல. எம் மக்கமாரு மாடி வீட்டுல இருக்காவ"ன்னேன். "மாதுங்காவா?"ன்னா. எனக்கு என்ன தெரியும், ஆமான்னுட்டேன்.

அதுல வந்துச்சு வினை. வெள்ளிக்கிழமை காலம்பற தாதர்ல எறங்கினா, மூத்தவன் செல்லையா நிக்கான். மாமி விடல. "ஒரே வழிதானே, ஒரே வண்டியில போயிடலாம்"னுட்டா. குதிரை வண்டிக்காரன் ஒரு ரூபா கேட்டான், மாமி இந்தியில சண்டை போட்டுப் பத்தணாவுக்குப் படிய வச்சா. கிங்ஸ் சர்க்கிள் வந்துச்சு. வட்டமா ரோடு, சுத்தி மாடி மாடியா வீடு, வாசல்ல கோலம், பூக்கடை, நம்ம பாஷை. எனக்குச் சந்தோஷம் தாங்கல. ஒவ்வொரு வீடா கையைக் காட்டி "இதாலே? இதாலே?"ன்னு கேக்கேன். செல்லையா குனிஞ்ச தலை நிமிரல.

மாமி வீட்டு வாசல்ல வண்டி நின்னுச்சு. "உங்காத்து மாடி எந்தத் தெருவுல?"ன்னு கேட்டா. அவன், "ரயிலுக்கு அந்தப் பக்கம், மாமி"ன்னான். மாமி அவன் மொகத்தைப் பாத்தா, என் மொகத்தைப் பாத்தா. "மழை வரப்போறது, ஜாக்கிரதையாப் போயிட்டு வாங்கோ"ன்னு மட்டும் சொன்னா. ஏசியிருந்தாக்கூட தேவலை.

நடந்தோம். மாதுங்கா மேடு மைனி. எவ்வளவு மழை பேஞ்சாலும் தண்ணி வழிஞ்சு ஓடிரும். எங்க ஓடும்? ரயிலுக்கு அந்தப் பக்கம் ஓடும். தண்டவாளத்தைத் தாண்டினா தாராவி. ஒரு பக்கம் கடல் தண்ணி ஏறி இறங்குற கழி, நடுவுல சேறு, சேத்து மேல வீடு. தோல் பதனிடுற ஷாப்பு நாத்தம் நடு மண்டையில ஏறுது. செல்லையா அங்கதான் வேலை பாக்கான்.

வாசல்ல நுழையும்போதே நிலை நெத்தியில இடிச்சுச்சு. ஒத்தை அறை, தகரக் கூரை. "ஏம்லே இம்புட்டுக் குட்டையாக் கட்டினிய?"ன்னேன். மருமக வள்ளி சிரிக்கா. "கட்டும்போது உசரம்தான் அத்தை. வருஷா வருஷம் மழைக்கு முன்னால குயவர் தெருவுல இருந்து ஒடைஞ்ச சட்டி பானைச் சில்லு வாங்கிக் கொட்டித் தரையை ஏத்துதோம். தரை ஏறுது, கூரை அங்ஙனயே நிக்கி"ன்னா. அதான் எம் பிள்ளைக குனிஞ்சே நடக்கானுக. பம்பாய் போய் அடக்கம் படிச்சுக்கிட்டானுகன்னு நான் நினைச்சேன்.

மாடி எங்கன்னுதானே கேக்க? பரண் இருக்கு. முருகையா செம்பூர்ல தச்சு வேலை செய்யுதான்ல, அவன் அடிச்ச பலகை. அரிசி, துணி, அடுப்பு எல்லாம் அதுலயும் உத்தரத்துலயும்தான் தொங்குது. அவனுக வீடுன்னுதான் சொல்லிவிட்டானுக. பம்பாய் வீடுன்னா மாடிதான்னு நினைச்சு, மாடியைச் சேத்து வச்சது நான் மைனி. உங்கிட்ட முத ஆளா சொன்னதும் நான்தான்.

இன்னும் கேளு. அந்த வரிசையில எந்த வீட்டுச் சுவரும் கூரை வரைக்கும் போகல. பரணுக்கு மேல எல்லாம் திறப்பு. இந்த வீட்டுப் பரண்ல படுத்தா அந்த வீட்டுக்காரி கொட்டாவி விடுறது தெரியும். பக்கத்து வீட்டுல மைமூன்னு ஒரு பிள்ளை, நம்ம மேலப்பாளையம் பக்கந்தான், நிறைமாசம். "வாங்க பெரியம்மா"ன்னு சுவருக்கு மேல தலையை நீட்டிக் கூப்பிடுதா. எனக்கு ஒடம்பெல்லாம் கூசிப் போச்சு. மறைப்பு இல்லாம குடும்பத்துப் பொம்பளை எப்படி இருப்பா? நாளைக்கு பொன்னுத்தாய் வந்து எப்படிப் படுப்பா?

மறுநாள் வள்ளி தண்ணிக்குப் போன நேரம் பாத்து நானே ஏறினேன். எந் தகரப் பெட்டி, ரேஷன் அரிசி மூட்டை, சுருட்டின மெத்தை, எல்லாத்தையும் அந்தத் திறப்புல அடுக்கி, இங்க இருந்து கொண்டுபோன பனைநார்க் கயித்தால இழுத்துக் கட்டிட்டேன். திரும்பி வந்து பாத்த வள்ளி, "அத்தை, அதை அடைக்கக் கூடாது"ன்னா. "எனக்குச் சொல்லித் தர வேண்டாம்"னேன். அவ மாமியாளை எதுத்துப் பேசுதவ இல்ல.

அதுக்கு அடுத்தாப்புல அமாவாசை வந்துச்சு. விடியறதுக்கு முன்னால புடிச்ச மழை மத்தியானம் வரைக்கும் விடல. கடல் ஏறுற நேரமும் மழையும் ஒண்ணாச் சேந்துட்டா கழி தண்ணியை வாங்காது, திருப்பித் துப்பும். தெருக் கோடியில ஒருத்தன் தகரத்தைத் தட்டினான். அவ்வளவுதான், ஒருத்தரும் கூப்பாடு போடல. அடுப்பு மேல போச்சு, பிள்ளைக மேல போச்சு. தெருவுல இறங்கினா இடுப்பளவு ஓட்டம், ஆளைச் சாய்ச்சுரும். அதனால அவுக பரணுக்குப் பரண் பலகை போட்டு, வீட்டுக்கு வீடு குனிஞ்சு நடந்து, மேட்டுக் கடைசியில இருக்க மரக்கடைக்குப் போயிருவாக. அந்தத் திறப்பெல்லாம் அதுக்குத்தான் மைனி. மைமூன் வீட்டோட சேத்து தாழ்ந்த பக்கம் நாலு வீடு, அங்க தண்ணி ஆள் உசரத்துக்கு ஏறும். அந்த நாலு வீட்டுக்கும் எங்க பரண்தான் வழி.

பெட்டிக்கு அந்தப் பக்கம் இருந்து மைமூன் தட்டுதா. "பெரியம்மா, பெட்டியை எடுங்க. தண்ணி பரணைத் தொடுது." நானும் வள்ளியும் இழுக்கோம். நம்ம ஊர் பனைநாரு நனைஞ்சா இறுகும்லா? கூரை ஒழுகி நனைஞ்சு கல்லாப் போச்சு. நான் போட்ட முடிச்சு எனக்கே வரல. அந்தப் பக்கம் பிள்ளைக அழுவுது. அவ "பெரியம்மா, பெரியம்மா"ங்கா.

கீழ தண்ணிக்குள்ள ஆளுகளைத் தூக்கிவிட்டுக்கிட்டு நின்ன முருகையா மரம் செதுக்குற வாச்சியோட ஏறி வந்தான். கயித்தை ஒரே வெட்டு. பெட்டியைக் காலால தள்ளினான், தண்ணிக்குள்ள போய் விழுந்துச்சு. பொன்னுத்தாய்க்குன்னு அவன் மாதுங்காவுல எடுத்து எங்கிட்ட குடுத்த சேலை அதுக்குள்ளதான். அவன் திரும்பிக்கூடப் பாக்கல. வயித்துப் பிள்ளைக்காரியை ரெண்டு கையாலயும் தாங்கி இந்தப் பக்கம் இழுத்தான். அவ சீலை மார் வரைக்கும் நனைஞ்சிருந்துச்சு.

மரக்கடையில பலகை அடுக்கு மேல எல்லாரும் உக்காந்திருக்கோம். யாராவது என்னை ஏசுவாகன்னு பாத்தேன். நல்லா காஞ்ச இடமாப் பாத்து, நடுவுல என்னை உக்கார வச்சாவ. மொத டீ எனக்குத்தான். மைமூன் மாமியா மட்டும் ஒண்ணு சொன்னா: "ஊர்ல இருந்து கதவு கொண்டாந்தீகளே சம்மந்தி, சாவியை எங்ககிட்ட குடுக்க மறந்துட்டியளே." எல்லாரும் சிரிச்சாவ. நானும் சிரிச்சேன். டீயைப் பக்கத்துல இருந்த பிள்ளைக்குக் குடுத்துட்டேன்.

ரெண்டு நாள் கழிச்சுத் தண்ணி வடிஞ்சதும் அந்த நாலு வீட்டுக்காரரும் வந்து எங்க தரைச் சேத்தை வழிச்சு, அதுல புதைஞ்சு கெடந்த எம் பெட்டியையும் எடுத்துக் குடுத்தாவ. மைமூனுக்கு மரக்கடையிலயே ஆம்பளைப் பிள்ளை. நல்லா இருக்கு, கறுப்பா, அழகா. முருகையா திறப்புக்கு ரெண்டு பக்கமும் சாய்வா மரச்சட்டம் அடிச்சான், இனி யாரும் எதையும் அடுக்க முடியாதபடிக்கு. எம் மொகத்தைப் பாத்து அடிக்கல, சுவத்தைப் பாத்துத்தான் அடிச்சான்.

கெளம்புற அன்னைக்கு அதே மாதுங்கா ரோடு வழியாத்தான் நடந்தோம். மாமி வீடு வந்ததும் எதுத்த வரிசைக்கு மாறிட்டேன். மாடியெல்லாம் நிமிந்து பாக்கவே இல்ல.

அதான் வீடு மைனி. மாடி இல்ல, மறைப்பு இல்ல, மழை மாசத்துல தண்ணி வரும். வேண்டாம்னா இப்பவே சொல்லிரு, எனக்கு வருத்தம் இல்ல. சேலை இந்தா. ஏழு தண்ணியில அலசிட்டேன், முந்தியில அந்தச் சேத்துக் கறை நிக்கி. வேற எடுக்கணும்னாலும் சொல்லு.

என்ன, திருப்பித் தராம மடியில வச்சுக்கிட்ட? நல்லாப் பாத்துக்கோ, அந்தக் கறை போகாது மைனி... ஏ, மூஞ்சியில தூத்தல் விழுது பாரு. வத்தல் முத்தத்துல பாய் மேல காயுது. எந்திரி, சேலையை உள்ள வச்சுட்டு அந்தப் பாயோட மறு முனையைப் பிடி. எனக்கு ஒத்தையில ஆகாது.