தூளுக்குக் காசு, எழுத்துக்குப் பாராட்டு

காலையில் கடை திறந்ததும் சுருவில் ஊரில் இருந்து ஒருவர் வந்து கிலோக்கணக்கில் தேயிலையும் சீனியும் கேட்டார். கேட்ட அளவிலேயே செத்தவீடு என்று விளங்கிவிட்டது. “ஆர்?” என்றேன். “எழுதுற புவனேசு அக்கா.” சாமானைக் கட்டிக் கொடுத்துவிட்டுக் கதிரையில் இருந்தவன்தான், எழும்ப மனம் வரவில்லை.

அவரை அறிந்த உங்களுக்கு அவருடைய புத்தகமும் தெரிந்திருக்கும். நாட்டின் தென்பகுதி நகரங்களில் கடை வைத்திருந்த எங்கள் தீவு ஆட்களைப் பற்றியது. நானும் அப்படி ஒரு கடையில் சாக்குத் தூக்கித் தொடங்கியவன்; அதில் ஒரு பொய் இல்லை. வெளியீட்டு விழாவில் யாரும் விலை கேட்கவில்லை. எங்கள் வழக்கப்படி, ஏலுமானதை உறையில் வைத்து மேடையில் நீட்டிப் புத்தகத்தை வாங்கினோம். அச்சுக்கூலி போக மிச்சமும் இருந்தது.

அந்த நம்பிக்கையில்தான் பிறகு அதை இணையத்தில் இலவசமாக இறக்க விட்டார். கடைசிப் பக்கத்தில் வங்கிக் கணக்கு இலக்கமும், விரும்பியவர் விரும்பியதை அனுப்பலாம் என்று ஒரு வரியும்.

“ஒரு விலையைப் போடுங்கோ அக்கா,” என்றேன்.

“விலை போட்டு விக்க இதென்ன உம்மட கடைச் சாமானோ? எங்கட சனம் உறையில வைக்கும்தானே, தம்பி.”

“மேடையில நாலுபேர் பாக்கினம், வைக்கினம். போனுக்குள்ள ஆர் பாக்கிறது?”

“நீர் ஆக்களையும் தராசில வைச்சுத்தான் பாப்பீர்,” என்று சிரித்தார்.

நாடு நாடாய் இறக்கி வாசித்தார்கள். கணக்குக்கு ஒன்றும் வரவில்லை.

அக்காவின் சீவியம் நடந்தது மிளகாய்த்தூளில். வறுத்து, இடிப்பித்து, பொதி செய்து தருவார். நான் வெளிநாட்டுக்கு அனுப்புவேன். ஒருநாள் கனடாவில் இருந்து ஒருவர் என் போனில் அவரோடு கதைத்தார். அரைமணி நேரம் புத்தகத்தைப் புகழ்ந்தார். வைக்கும் நேரம், “அக்கா, மூண்டு கிலோ தூள் அனுப்புங்கோ, காசு இப்பவே போடுறன்,” என்றார். போட்டார், அனுப்புகூலியோடு.

“பாத்தீரோ தம்பி, இடிச்சுக் குடுத்தால் காசு, எழுதிக் குடுத்தால் பாராட்டு.” சொல்லிவிட்டு மிளகாய் வறுக்கப் போனார்.

வசதியில்லாதவர் சும்மா வாசிக்கட்டும். அக்காவும் அதைத்தான் விரும்பினார். தூளுக்கு அனுப்புகூலியும் சேர்த்துக் கட்டக்கூடியவர் எழுத்துக்கும் கட்டத்தான் வேண்டும். அது தானமில்லை. எழுதுகிறவருக்கு அந்தக் காசுதான் நேரம். அந்த நேரம் அக்காவுக்குக் கிடைக்கவில்லை.

இரண்டாவது புத்தகம், ஆண்கள் தெற்கே கடையில் இருக்கத் தீவில் தனித்திருந்த பெண்களைப் பற்றியது. நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் போய்க் கதை கேட்க வேண்டும். “போகேக்கை வறுக்க ஏலாது, வறுக்கேக்கை எழுத ஏலாது,” என்பார். கடைசியில் தூள்தான் வென்றது.

செத்தவீட்டு வேலி நிறைய வெளிநாட்டு வாசகர்களின் அஞ்சலிப் பதாகைகள். பெரிய படம், நல்ல அச்சு. அவற்றை எந்த அச்சகமும் சும்மா அடித்துக் கொடுத்திருக்காது. எனக்குக் கோபம்கூட வரவில்லை, களைப்புத்தான்.

வியாபாரச் சங்கதிகள் சரியா என்று பார்க்க, அந்த இரண்டாவது புத்தகத்தை எழுதிய மட்டும் எனக்கு வாசிக்கத் தந்திருந்தார். வருடக்கணக்காய் வராத புருஷனைத் தேடிப் போவதென்று நயினாதீவுப் பெண் ஒருத்தி பெட்டியோடு இறங்குதுறைக்கு வருகிறாள். வள்ளம் கிட்ட வருகிறது. எழுத்து அதோடு நிற்கிறது.

“ஏறினாளோ, திரும்பினாளோ?” என்று கேட்டேன்.

“இந்தத் தூள் ஓடர் முடியட்டும், எழுதுறன்.”

அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தப் பெண்தான். வள்ளம் வந்துவிட்டது, அவள் பெட்டியைக் கீழே வைக்காமல் நிற்கிறாள்.