மஞ்சள் நீராட்டுக்கு பேண்டு வாத்தியமாம்

இன்று ஆம்பூர் மோட்டார் பஸ்ஸில் எங்கள் பள்ளிக்கூடக் கமிட்டி மெம்பர், தோல் மண்டி முதலாளி, வாயெல்லாம் பல்லாக வந்தார்.

"டீச்சரம்மா, எம் பொண்ணு வயசுக்கு வந்துட்டா. ஞாயித்துக்கெழம மஞ்சத்தண்ணி. பேண்டு வெச்சிருக்கேன், ஊரே வருது!"

போன மாதம் மாதவிலக்கைப் பற்றி என் வகுப்புப் பெண்களுக்குச் சொல்லித்தரப் புறப்பட்ட என்னை, "வெக்கங்கெட்ட பேச்சு" என்று தடுத்தவர் இவர்தான். இவர் மகளும் அதே வகுப்பு.

"பொண்ணு எப்டி இருக்கா?"

"ரத்தத்தப் பாத்துட்டு செத்துப்போய்டுவேன்னு ஒரே அழுகை. இன்னா சொன்னாலும் கேக்கல. நீங்கதான் வந்து சொல்லணும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அன்னிக்கே சொல்ல வந்தேனே, வாய அடைச்சீங்களே!" என்று கத்தினேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

ஊருக்கு பேண்டு அடித்துச் சொல்லலாம். அவளிடம் சொல்வதுதான் வெட்கமாம்!

ஞாயிறுவரை பொறுக்க மாட்டேன், இப்போதே அவளிடம் போகிறேன். உங்கள் வீட்டுப் பெண்ணிடம் இதை முன்கூட்டியே யார் சொன்னீர்கள்?