அண்ணாவின் வெள்ளி நாணயமும் என் திருநீறும்

வேலணையில் பிறந்து, ஜேர்மனியில் அகதியாய்த் தட்டுக் கழுவி, கனடாவின் மில்லிக்கனில் எங்கள் எல்லோருக்கும் வீடாக நின்ற அண்ணா எம்மைப் பிரிந்து முப்பத்தொரு நாட்களாகின்றன. தங்கையைக் கரைசேர்த்தவரும், என்னைக் கனடாவுக்கு எடுத்தவரும் அவர்தான். தனக்கென்று அவர் வைத்திருந்தது ஒரேயொரு பழைய வெள்ளி நாணயம்.

ஜேர்மனி ஒரே நாடாகாமல் ஊருக்கொரு சிற்றரசர் ஆண்ட காலத்தில் அடித்தது. உள்ளங்கையை நிறைக்கும். ஒரு பக்கத்தில், பிடுங்கிய மரத்தைக் கையில் பிடித்தபடி தாடிக்காரக் காட்டு மனிதன். அங்கே அண்ணா குடியிருந்த வீட்டுக் கிழவர், அண்ணா கனடாவுக்குப் புறப்பட்ட அன்று கொடுத்தது. யாருக்குக் காட்டினாலும், "உவன் என்ர தம்பிதான். தலைமயிர் வெட்ட முதல் எடுத்த படம்" என்பார்.

கடைசி மாதம், ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபடி கேட்டார்: "தம்பி, உவனை ஒருக்காக் கொண்டு வா. பாக்கவேணும் போல கிடக்கு."

எடுத்துப் பார்த்தால் கரிச்சட்டி போலக் கறுத்திருந்தது. வெள்ளிச் செம்பு மினுக்குவதுபோல் திருநீறு போட்டுத் தேய்த்தேன். பளபளத்தது! பெருமை தாங்காமல், யூனியன்வில்லில் பழைய நாணயங்கள் சேர்க்கும் நண்பருக்குப் படம் அனுப்பினேன். உடனே அழைத்தார்.

"அண்ணை, அந்தக் கறுப்புத்தானே அதின்ர வயசு! முந்நூறு வருசத்தை வழிச்சுப் போட்டியளே!"

அண்ணா கடைசியாகக் கேட்ட ஒன்றையும் கெடுத்துவிட்டேனே! அவித்த முட்டையோடு மூடி வைத்தால் வெள்ளி கறுக்கும் என்று எங்கோ வாசித்து, ஆறு முட்டை அவித்தேன். மறுநாள் திறந்தால் நாணயம் திட்டுத் திட்டாக மஞ்சள். காட்டு மனிதனுக்குச் செங்கமாரி நோய்!

வேறு வழியின்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணா அதை முகத்தருகே பிடித்தார்.

"டேய், உதேன் முட்டை மணக்குது?"

எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். அவர் சிரித்த சிரிப்பில் தாதி ஓடி வந்தார்.

"விசரா, கிழவர் தந்த அண்டைக்கே நானும் திருநீறு போட்டு மினுக்கினனான். நீ வழிச்சது ஜேர்மன்காரரின்ர முந்நூறு வருசமில்லை, என்ர முப்பது வருசம்." மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "இனி உன்னட்டைக் கிடந்து கறுக்கட்டும்."

அண்ணா சிரித்து நான் கேட்டது அதுவே கடைசி.

அவரைக் குழந்தையைப் போலத் தாங்கிய தாதியருக்கும், விட்பியிலிருந்து பனியிலும் இடியப்பத்தோடு வந்த மச்சாளுக்கும், கிரியைகளில் உடன்நின்ற உங்கள் ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. நாணயம் என் வீட்டு மேசையில் இருக்கிறது. வாருங்கள், கையில் எடுத்துப் பாருங்கள். உங்கள் விரல்கள் பட்டே அது கறுக்கட்டும்.

வரும்போது திருநீறு மட்டும் கொண்டுவராதீர்கள்.

அன்புத் தம்பி