சுதாவின் படங்களில் நான் இல்லை

இன்று காலை அடையாறில் நான் படித்த கல்லூரிக்குப் போயிருந்தேன். அந்தக் காலத்து மாணவர் மன்றங்களின் போட்டோ, நோட்டீஸ் எல்லாவற்றையும் சேர்த்துப் பாதுகாக்கிறார்களாம்.

உள்ளே ஒரு மேசை முழுக்க சுதா. எங்கள் நாடக மன்றத்தின் நிரந்தரக் கதாநாயகி. ஒரு டிக்கெட் துண்டைக்கூட விடாமல் வைத்திருந்து கொடுத்திருக்கிறாள். என்னுடையதெல்லாம் மாம்பலத்தில் வீடு மாறியபோது பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டது.

பொறுப்பில் இருந்த நிவேதா என்ற மாணவி கேட்டாள்: "இந்த நாடகமெல்லாம் சுதா மேடமே எழுதினதா மேம்?"

எனக்கு வயிறு எரிந்தது. "எழுதினது நான்மா. டைரக்‌ஷனும் நான்தான்."

"அப்படியா! போட்டோல நீங்க எங்க இருக்கீங்க?"

எதிலும் இல்லை.

வெளியே வந்து சுதாவுக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

"உன் பேரை எழுதித்தான்டி குடுத்தேன். அந்தப் பொண்ணு பார்க்கலை போல. உன் போட்டோவுக்கு நான் எங்க போவேன்? நீதான் எப்பவும் சைடுல ஒளிஞ்சு நின்னு எங்களுக்கு வசனம் எடுத்துக் குடுத்துட்டிருப்பியே!"

உண்மைதான். திரும்பப் போய்த் தேடினேன். ஒரு படத்தில் மட்டும் திரை ஓரமாக ஒரு கை நீண்டு, சுதாவை 'முன்னாடி போ' என்று விரட்டுகிறது. அது என் கை.

நிவேதா படத்துக்குக் கீழே சேர்த்தாள்: 'இடது ஓரத்தில் தெரியும் கை, நாடகத்தை எழுதியவருடையது.'

பொறாமை இன்னும் அடங்கவில்லை. இதைப் படிக்கும் எங்கள் செட் ஆட்கள் யாரிடமாவது என் முகம் தெரியும் போட்டோ இருந்தால் அனுப்புங்கள். அதில் சுதா இல்லாமலிருந்தால் ரொம்ப நல்லது.