நடு லேனில் ஒரு ஏணி

ஹூஸ்டன் போகும் ஃப்ரீவேயில் ஒரு ரெஸ்ட் ஏரியாவில் நிற்கிறோம். சற்று முன்னால்தான் நடு லேனில் ஒரு அலுமினிய ஏணி கிடந்தது. கடைசி நொடியில் என் கணவர் ஸ்டீயரிங்கை ஒடித்த வேகத்தில் பயந்துபோன குழந்தை இன்னும் அழுகிறாள். பின்னால் வருகிறவர்களுக்கு யார் சொல்வது? செல்போனில் சிக்னல் இல்லை. லாரிக்காரர்கள் பேசிக்கொள்ளும் ரேடியோவை இவர் ஆசையாக வாங்கி மாட்டியிருக்கிறார். ஆனால் காலையிலிருந்து கேட்பதோடு சரி.

"சொல்லுங்களேன்."

"இரு, எப்படி ஆரம்பிக்கிறதுன்னு யோசிக்கிறேன். நம்ம ஆக்சென்ட் புரியணும்ல."

மைக்கைப் பிடுங்கிப் பட்டனை அழுத்துகிறேன். "எக்ஸ்க்யூஸ் மீ சார், குட் ஆஃப்டர்நூன்." அதற்கு மேல் இடம் சொல்லத் தெரியவில்லை. பட்டனை விடாமலே இவரிடம் திரும்புகிறேன்.

"மைல் போர்டைக்கூடப் பாக்க மாட்டீங்களா? பின்னாடி யாராவது புள்ளகுட்டியோட மோதினா? நீங்க கிராமர் பாத்துட்டிருங்க."

"எல்லாருக்கும் கேக்குது, பட்டனை விடும்மா" என்று கெஞ்சுகிறார்.

விட்டதும் ஒரு வயதான குரல் சிரித்துக்கொண்டே இங்கிலீஷில் கேட்கிறது. "யாரோ நல்லா திட்டு வாங்குறார் போல. என்ன விஷயம்மா?"

"ஏணி. நடு லேன். ஹூஸ்டன் போற பக்கம். ரெஸ்ட் ஏரியாவுக்குக் கொஞ்சம் முன்னாடி."

"அது போதும்."

அவர் அதையே மற்ற லாரிகளுக்குச் சொல்கிறார். சிறிது நேரத்தில் வேறொரு குரல் கேட்கிறது: "ஏணியப் பாத்துட்டேன், ஸ்லோ பண்ணிட்டேன். தேங்க்ஸ்."

இவர் என் கையிலிருந்து மைக்கை வாங்கி, தொண்டையைச் செருமிக்கொண்டு, நிதானமாக "யூ ஆர் வெல்கம்" என்கிறார்.