மழைக்காக இறக்கிய கம்பம்

கல்யாணமாகிக் கடத்தூருக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே என் கணவர் என் கையில் ஒரு கயிற்றின் முனையைக் கொடுத்து, "கெட்டியாப் புடிச்சிக்க. நான் சொல்ற வரைக்கும் விட்டுடாத" என்றார். மறுமுனை ஒரு நீள மூங்கிலின் உச்சியில் கட்டியிருந்தது. எதற்கு, என்ன என்று கேட்கக்கூட எனக்குத் தெரியவில்லை. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, கொல்லைப்புறத்தில் ஒரு வேப்பமரத்தோடு சாய்ந்து நின்று பிடித்தேன். மூங்கில் எழுந்து நின்றது. அதன் தலையிலிருந்து இரண்டு பக்கமும் செம்புக் கம்பிகள் சரிந்து இறங்கின. அவர் கண்ணில் அப்படியொரு சந்தோஷம். எங்களுக்குக் கல்யாணமான அன்றுகூட அந்த முகத்தை நான் பார்க்கவில்லை.

அவர் உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞான ஆசிரியர். நான் ஏரியூர்ப் பக்கத்துப் பெண். வானொலி என்றால், பஞ்சாயத்து ஆபீசில் சாயங்காலம் பாடும் பெட்டி மட்டும்தான் எனக்குத் தெரியும். கேட்கிற பெட்டி இருப்பதுபோல் பேசுகிற பெட்டியும் உண்டு, அதை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம், அதற்கென்று பரீட்சை எழுதி டெல்லியிலிருந்து லைசென்ஸ் வாங்க வேண்டும் என்பதையெல்லாம் அவர் சொல்லித்தான் அறிந்தேன். ஹாம் ரேடியோ என்றார். பெட்டியை அவரே செய்திருந்தார். மதராசில் பழைய ராணுவச் சாமான் விற்கிற கடைகளில் வால்வும் டிரான்ஸ்ஃபார்மரும் பொறுக்கி வந்து, ஒரு தகர டிரங்குப் பெட்டிக்குள் பொருத்தியிருந்தார். ஆனால் பெட்டி எவ்வளவு நன்றாக இருந்தாலும், வெளியே ஏரியல் உயரமாக இல்லாவிட்டால் குரல் பக்கத்து ஊரைக்கூடத் தாண்டாது என்பார்.

அந்த ஏரியலால் எங்களுக்குள் வந்த முதல் சண்டை மெழுகினால் வந்தது. பெட்டியிலிருந்து கம்பத்துக்குப் போகிற இரட்டைக் கம்பி ஒன்றையொன்று தொடக்கூடாது. ஏணிப்படி மாதிரி நடுவில் குச்சிகள் வேண்டும். குச்சி மழையில் ஊறக்கூடாது என்று, மூங்கில் பிளாச்சுகளை மெழுகில் போட்டுக் கொதிக்க வைத்தார். எங்கள் வீட்டிலிருந்து சீராகக் கொடுத்த ஈயம் பூசிய பித்தளைப் பாத்திரத்தில். பள்ளிக்கூடம் விட்டு வந்து இரண்டு நாள் சாம்பல் போட்டுத் தேய்த்தார், பாவம். அதற்குப் பிறகும் அதில் வைத்த ரசத்தில் மெழுகு மிதந்தது.

மூங்கில் ஒரு சித்திரை மாதக் காற்றில் முறிந்து, வீட்டுச் சொந்தக்காரரின் முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்த புளியின் மேல் விழுந்தது. அவருக்குப் புளி மண்டி. எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். ஊரே பாய் என்று கூப்பிடும் அவர் வெளியே வந்து மூங்கிலைப் பார்த்தார், புளியைப் பார்த்தார், என் கணவரைப் பார்த்தார். "வாத்தியாரே, இரும்புல போடுங்க. இது வேலைக்காவாது" என்றார். அவ்வளவுதான்.

அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். காலையில் இவர் பெட்டியைப் போட்டதும், சுவருக்கு அந்தப் பக்கம் அம்மி அரைக்கிற சத்தம் நின்றுவிடும். அக்கா காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். "யாரும்மா இன்னைக்கு? கொளும்பா?" என்று சுவருக்கு மேலே குரல் வரும்.

இரும்புக் கம்பம் அடுத்த தை மாதத்தில் நின்றது. ஒன்றுக்குள் ஒன்று நுழைகிற மூன்று குழாய்கள், மொத்தம் நாற்பது அடி. சேலத்திலிருந்து பஸ் மேலே போட்டு வந்தவை. அடியில் இரண்டு கல்தூண்களை நட்டு, நடுவில் ஒரு போல்ட்டைச் சொருகி, வேண்டும்போது கம்பத்தைப் படுக்க வைக்கலாம், நிறுத்தலாம் என்று செய்திருந்தார். பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் ஆறு பேர் வந்து தூக்கினார்கள். நான்கு பக்கமும் கம்பி இழுத்து முளையடித்துக் கட்டியதும் அது ஆடாமல் அசையாமல் நின்றது. இண்டூருக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தாலும் தெரியும். எனக்குக்கூடக் கொஞ்சம் பெருமைதான்.

இரண்டு வருஷம் நன்றாகப் போயிற்று. மூன்றாம் வருஷம் ஆடியில் மழை இல்லை.

எங்கள் கொல்லைக்கு அடுத்தது ஒரு கடலைக்காடு. காட்டுக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். அதிகம் பேசமாட்டார். அவர் கிணற்றில்தான் நானும் அக்காவும் தண்ணீர் எடுப்போம். உழுது போட்ட மண் ஆடி முழுக்கக் கட்டியாகக் கிடந்தது. மேகம் வரும், கறுக்கும், அப்படியே கிழக்கே போய்விடும். ஒரு ஞாயிறு காலையில் அவர் இன்னும் இரண்டு பேரோடு வந்து வாசலில் நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"வாத்தியாரே, தப்பா நெனைக்காதீங்க," என்றார் காட்டுக்காரர். "ஊர்ல பேசிக்கறாங்க. மேகம் இங்க வந்தா ரெண்டா ஒடையுதுங்க. நானே பாத்தேன். உங்க கம்பிக்கு நேரா வந்துதான் ஒடையுது."

என் கணவர் சிரிக்கவில்லை. ஒரு மணி நேரம் அவர்களுக்கு விளக்கினார். மேகம் எவ்வளவு உயரத்தில் போகிறது, நம் கம்பம் எவ்வளவு, காற்று எந்தப் பக்கம் என்று மண்ணில் கோடு போட்டுக் காட்டினார். அவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள்.

"நீங்க படிச்சவங்க, சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார் கூட வந்தவர். "ஆனா மழ இல்லையே."

 என் கணவர் மண்ணில் போட்ட கோட்டைக் காலால் அழித்துவிட்டு, "சரி, இன்னைக்கே எறக்கி வெச்சிடறேன். பத்து நாள் பாருங்க. மழ வரலன்னா கம்பி மேல தப்பில்லன்னு ஒத்துக்குவீங்களா?" என்றார்.

"ஒத்துக்கறோம்."

அவர்கள் போனதும் என்னிடம், "இது ஒரு பரிசோதனை. பத்து நாள்ல அவங்களுக்கே புரிஞ்சிடும்" என்றார். வகுப்பில் சோதனைக் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் மாதிரி அத்தனை நிச்சயம். அன்றைக்கே பாயும் அவரும் கடலைக்காட்டுக்காரருமாகச் சேர்ந்து கம்பத்தைக் கீழே படுக்க வைத்தார்கள்.

அந்த வாரமே வியாழக்கிழமை மத்தியானம் மழை வந்தது. சாதாரண மழை இல்லை. வாசலில் முழங்கால் தண்ணீர். ஓட்டிலிருந்து விழுந்த தண்ணீரைப் பிடிக்க அண்டா போதவில்லை. காட்டுக்காரர் வரப்பில் நனைந்துகொண்டே நின்றார். எங்கள் வீட்டைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். என் கணவர் ஜன்னலோரம் நின்றிருந்தார். அவரும் பதிலுக்குக் கும்பிட்டார். வேறு என்ன செய்வார்?

அதற்குமேல் கம்பத்தை நிறுத்துகிற பேச்சே இல்லை. ஊரில் யாரும் அவரைக் கேலி செய்யவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் கஷ்டம். கடைவீதியில் பார்க்கிறவர்கள், "உங்க புண்ணியத்துல வெதச்சிட்டோங்க" என்று கும்பிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மழை எப்படி உண்டாகிறது என்ற பாடத்தை அந்த வருஷம் அவர் எப்படி நடத்தினாரோ, எனக்குத் தெரியாது.

வீட்டுக்குள் ஓட்டுக்கு அடியில் கம்பியை இழுத்துப் பார்த்தார். பெங்களூர் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்டது. இவர் பேசுவது அங்கே கேட்கவேயில்லை. நாலைந்து நாள் முயன்றுவிட்டு, பெட்டியின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினார். காலையில் ஐந்தரைக்கு எழுந்திருப்பவர் ஏழு மணி வரை படுத்திருந்தார். கல்யாணமான நாள் முதல் அந்தப் பெட்டி என் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது. அதை எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். இப்போது அந்தக் கீச்சுச் சத்தம் இல்லாமல் எனக்கும் முழிப்பு வந்துவிடும். எழுந்து என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருப்பேன்.

"வாத்தியாருக்கு ஒடம்பு சரியில்லையாம்மா?" என்று அக்கா சுவருக்கு மேலே கேட்டார்.

"ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்குதுக்கா."

"பின்ன ஏன் எங்கூட்டு அம்மிச் சத்தம் மட்டும் கேக்குது?"

வேலியோரம் படுத்துக் கிடந்த கம்பத்தின் மேல், நான் போட்டிருந்த அவரைக்கொடி ஏறிப் படர்ந்துவிட்டது. அவர் அதைப் பார்த்தார், பிடுங்கச் சொல்லவில்லை. இனிக் கம்பத்தை நிறுத்தவே மாட்டாரோ என்று அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

புரட்டாசியில் மழை மறுபடியும் நின்றுபோனது. கடலை பூத்து, காய் இறங்குகிற நேரம். அந்தச் சமயத்தில் மண் ஈரமாக இருந்தால்தான் காய் பிடிக்கும். இருபது நாளாக ஒரு தூறல்கூட இல்லை. எனக்குள் ஒரு கெட்ட சந்தோஷம் இருந்ததை ஒப்புக்கொள்கிறேன். 'இப்பக் கம்பி கீழதான கெடக்குது? எங்க போச்சு உங்க மழ?' என்று கேட்க வேண்டும். காட்டுக்காரரைப் பார்க்கிறபோது இதை எந்தக் குரலில் கேட்பது என்று தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொள்வேன்.

ஒரு காலையில் கிணற்றடிக்குப் போனபோது அவர் காட்டுக்குள் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். ஒரு செடியைப் பிடுங்கிக் கையில் வைத்திருந்தார். அதில் இரண்டு பிஞ்சு, சுருங்கிப்போய். இலை மடிந்து கிடந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, அந்தச் செடியைக் காட்டினார்.  அந்தக் கேள்வி என் வாயில் வரவேயில்லை. எங்கள் அப்பாவின் காட்டிலும் இப்படிக் காய்ந்த செடிகளைப் பார்த்து வளர்ந்தவள்தான் நான்.

"கெணத்துல இன்னும் எத்தன நாளைக்குங்க தண்ணி வரும்?" என்று மட்டும் கேட்டேன்.

"குடிக்க வரும். எறைக்க வராது," என்றார். குடத்தை நான் தூக்கிக்கொண்டு திரும்பியபோது பின்னாலிருந்து அவரே சொன்னார்: "வாத்தியாரம்மா, கம்பி கீழதானே கெடக்குது."

நான் நின்றேன்.

"தெரியாம சொல்லிட்டோம்னு வாத்தியார்கிட்ட சொல்லுங்க. இல்ல, வேணாம். நானே வந்து சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை வந்தார். தனியாக இல்லை, கிணற்றில் தண்ணீர் இறைக்கிற ஜோடி மாடுகளையும் ஓட்டிக்கொண்டு, தோளில் வடக்கயிற்றைச் சுற்றிக்கொண்டு வந்தார். என் கணவர் பனியனோடு வாசலுக்கு ஓடினார்.

"தூக்கறதுக்கு ஆறு பேரக் கூப்புடணும், அவங்களுக்கு நேரம் பாக்கணும், எதுக்குங்க?" என்றார் காட்டுக்காரர். "கெணத்துல தண்ணி இல்ல. இதுங்க சும்மாதான் நிக்குதுங்க. ஒரு வேலையாவது குடுப்போம்."

"பெரியவரே, ஊர்ல ஏதாச்சும் சொல்லப் போறாங்க," என்றார் இவர்.

"என் காடுதானே பக்கத்துல இருக்குது? நான் சொல்லிக்கறேன்."

அவரைக்கொடியை நானே அறுத்தேன். பிஞ்சும் பூவுமாக ஒரு முறம் நிறைந்தது. படுத்திருக்கிற கம்பத்தை நேராக இழுத்தால் எழும்பாது என்பதால், அடிப்பக்கத்தில் தலை இரண்டாகப் பிரிந்த ஒரு கவைக்கம்பை நிறுத்தி, கம்பத்தில் கட்டிய வடத்தை அதன் மேல் போட்டு மாட்டின் நுகத்தடியில் கட்டினார்கள். இரண்டு பக்கக் கம்பிகளைப் பாயும் மண்டி ஆள் ஒருவரும் பிடித்தார்கள். மாடு இழுக்கிற பக்கத்துக்கு நேர் எதிரே ஒரு கயிறு. கம்பம் நிமிர்ந்ததும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடாமல் நிறுத்த வேண்டிய கயிறு அதுதான். அதைப் பிடிக்க நான் ஒருத்தி போதாது. அக்கா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர், தலையில் முக்காட்டை இறுக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிட்டார்.

"நீ எதுக்கு?" என்றார் பாய்.

"நீங்க உங்க கம்பியப் பாத்துப் புடிங்க," என்றார் அக்கா.

மாடுகள் நடந்தன. கம்பம் தரையை விட்டு எழுந்தது. இடுப்பு உயரம், ஆள் உயரம், கூரை உயரம். ஆறு பேர் தூக்கியபோது குலுங்கிக் குலுங்கி ஏறியது; இப்போது மெதுவாக, ஒரே சீராக ஏறியது. என் கணவர் அடியில் கல்தூணைப் பிடித்துக்கொண்டு, "வரட்டும், வரட்டும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நேராக வந்ததும் "நிறுத்துங்க!" என்றார்.

மாடுகள் நிற்கவில்லை. கிணற்றுச் சரிவில் கடைசி வரை நடந்து பழகிய மாடுகள். பாதியில் நிற்பது அவற்றுக்குத் தெரியாது. காட்டுக்காரர் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுப்பதற்குள் இன்னும் நாலு எட்டு வைத்துவிட்டன. கம்பத்தின் உச்சி மாடுகள் பக்கம் சாய்வது தெரிந்தது. என் உள்ளங்கையில் கயிறு ஓடியது. நெருப்பு வைத்ததுபோல் எரிந்தது.

"விட்டுடாதடி!" என்று அக்கா கத்தினார். அதுவரை என்னை ஒருமுறைகூட டி போட்டுக் கூப்பிட்டதில்லை. நாங்கள் இரண்டு பேரும் அப்படியே பின்னால் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டோம். கயிறு நின்றது. உச்சி அங்கேயே ஆடிக்கொண்டிருந்தது. காட்டுக்காரர் மாடுகளை இரண்டடி பின்னுக்குத் தள்ளினார். கம்பம் திரும்பி வந்து நேராக நின்றது.

முளையில் எல்லாவற்றையும் கட்டி முடித்த பிறகுதான் என் கணவர் என் கையைப் பார்த்தார். உள்ளங்கைத் தோல் உரிந்து சிவந்திருந்தது.  அக்கா வீட்டிலிருந்து தேங்காயெண்ணெய் கொண்டுவந்து தடவினார். அந்தத் தழும்பு வெகு நாள் இருந்தது.

பெட்டியைப் போட்டால், வேலை செய்யவில்லை. இரண்டு மாதத்தில் அணில் அந்த மெழுகுக் குச்சிகளைக் கடித்து, கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அதைச் சரி செய்யப் புதன்கிழமை ஆகிவிட்டது. புதன் சாயங்காலம் காட்டுக்காரரும் பாயும் அறைக்குள்ளேயே வந்து உட்கார்ந்தார்கள். அக்காவும் நானும் நிலைப்படியில். இவர் கூப்பிட்டார். மூன்றாம் முறை கூப்பிட்டதும் கொழும்பிலிருந்து அவருடைய பழைய நண்பர் ஒருவர் பதில் சொன்னார். நேரில் ஒருவரையொருவர் பார்த்ததில்லை, குரலில்தான் பழக்கம். இரண்டு மாதமாக எங்கே போனாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். மழைக்காகக் கம்பத்தை இறக்கி வைத்திருந்தேன் என்றார் இவர். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் வந்தது. சரியாகக் கேட்கவில்லை, திரும்பச் சொல் என்றது குரல்.

"இன்னா சொல்றாரு?" என்று காட்டுக்காரர் கேட்டார்.

"மழைன்னு சொன்னேன். அவருக்குப் புரியல."

"அங்க பேயுதான்னு கேளுங்க."

கேட்டார். மூன்று நாளாக விடாமல் கொட்டுகிறது என்று பதில் வந்தது. காட்டுக்காரர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "கொஞ்சம் இங்க அனுப்பச் சொல்லுங்க," என்றார். அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

ஐப்பசியில் கொஞ்சம் மழை பெய்தது. கடலை பாதிதான் தேறியது. கம்பத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மேலும் நான்கு வருஷம் அது அங்கே நின்றது. பிறகு அவருக்குத் தர்மபுரிக்கு மாற்றலாகி, நாங்கள் வேறொரு வீட்டுக்குப் போனோம். புது வீட்டின் மொட்டை மாடியில் இவர் கம்பம் நட்டபோது, பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்து, டிவி வரப்போகிறதா என்று கேட்டார்கள்.